ஒரு பானை வெந்நீர்

வள்ளியின் அப்பாவாகிய என் மகனுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. பத்து நாள் உன் வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தானே மலை ஏறினேன்? விடுதிப் பிள்ளைகளுக்கு லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நாற்பது பேருக்குப் பொங்கிப் போடுகிற கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் வாத்தியாரிடம் நாலு தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவள்தான் என்றாலும், விடுதிக்கு வரும் வாரப் பத்திரிகைகளை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். திட்டு இருந்தால் வாங்கிக்கொள்.

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். பேத்தியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வாணியம்பாடிக்கு வந்தேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. நான் வள்ளியைக் கூட்டிப்போக வந்தேன். உன் மாமியார் சந்தவாசலிலிருந்து ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார்கள். சரோஜா போய் வருஷம் ஆகப்போகிறது, மஞ்சள் காமாலையில் மகளைப் பறிகொடுத்த வயிறு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. "ஆம்பள ஒண்டியா இருந்துகினு பொட்டப் புள்ளைய எப்பிடிங்க வளப்பாரு? தோல் பேக்டரிக்குப் போவாரா, அடுப்பப் பாப்பாரா? நீங்க பெத்தவங்க சொன்னா கேப்பாரு. இட்டுகினு வந்து எங்களாண்ட உட்ருங்க" என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வள்ளிக்கு நான் கொண்டுவந்த ரோஸ் கவுன், பஸ்ஸில் கூட்டிப்போகும்போது போட்டுவிடுவதற்காக வாங்கியது.

என் திட்டம் என்ன தெரியுமா? ஒரு நாள் நீ தடுக்கி விழுவாய், அன்றைக்குப் பேச்சை எடுக்கலாம் என்று காத்திருந்தேன். மண்ணெண்ணெய் தீரும், சோறு குழையும், பிள்ளை பசியில் அழும், நீ தலையில் கை வைப்பாய். உன் அடுப்பை வேவு பார்க்கத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்.

வந்த அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு முதல் அடி விழுந்தது. சமையலறையில் சுவிட்சைத் தேடிச் சுவரெல்லாம் தடவினேன். "எங்கடா இங்க லைட்டு?" என்று கேட்டதற்கு நீ சிரித்துக்கொண்டு, "மேல பாரும்மா" என்றாய். இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரில், கூரைக்குக் கீழே, நாலு செங்கல்லை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் ஒரே ஒரு பல்பைத் தொங்க விட்டிருந்தாய். "வூட்டுக்காரரு ஒரு பல்புக்கு இவ்ளோன்னு மாசம் வாங்குறாரு. ரெண்டு பல்பு இன்னாத்துக்கு? சுவத்துக்கு அந்தாண்டயும் இந்தாண்டயும் இதே வெளிச்சந்தான? காலி பண்ணசொல்ல அடச்சுக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்" என்றாய். வீட்டுக்காரர் அதற்கு ஒத்துக்கொண்டதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "சிக்கனம் புடிச்சவன்" என்று முணுமுணுத்துவிட்டுப் படுத்தேன். மனசுக்குள், இவன் கெட்டிக்காரன் என்றிருந்தது.

மறுநாள் அந்த மரத்தூள் அடுப்பு. விடுதியில் நான் கட்டை அடுப்பில் வெந்தவள், எனக்கு இந்தத் தகர டப்பா வித்தையெல்லாம் தெரியாது. மர டிப்போவில் மூட்டையாக வாங்கி வந்த தூளை நீ வெயிலில் உலர்த்தி வைத்திருந்தாய். டப்பாவின் நடுவில் ஒரு சோடா பாட்டிலை நிறுத்தி, கீழே ஓட்டை வழியாக ஒரு கழியை நுழைத்துவிட்டு, சுற்றிலும் தூளைக் கொட்டினாய். அப்புறம் இடிக்கிற வேலை வள்ளிக்கு. அவள் அம்மிக் குழவியைத் தூக்க முடியாமல் தூக்கி, "குத்து, குத்து, அப்பா இன்னும் போடு" என்று இடித்தாள். தூள் இறுகியதும் பாட்டிலையும் கழியையும் நீ உருவிய அழகு இருக்கிறதே, ஒரு துளி உதிரவில்லை. அடியில் ஒரு குச்சியைக் கொளுத்தி வைத்தாய். காலைக் கஞ்சி, மத்தியானத்துக்குக் குழம்பு, வள்ளிக்குக் குளிக்க வெந்நீர், மூன்றும் அந்த ஒரு டப்பாவில் முடிந்தது. ஊதவில்லை, தள்ளவில்லை, கண் எரியவில்லை. நான் விடுதியில் ஒரு வேளைக்கு எரிக்கிற கட்டையை நினைத்து வெட்கப்பட்டேன்.

சோற்று விஷயத்தில்தான் உன்னிடம் சண்டை போட்டேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அரிசி பாதி வெந்துகொண்டிருக்கும்போதே நீ அணைத்துவிட்டாய். பானையோடு தூக்கி, வைக்கோல் போட்ட கூடையில் இறக்கி, பழைய கம்பளியைச் சுற்றி மூடினாய். இவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்து, நீ குளிக்கப் போன நேரம் கம்பளியைப் பிரித்தேன். "மூடியத் தொறக்காதம்மா, சூடு போய்டும்" என்று ஈரத் தலையோடு ஓடி வந்தாய். "நாப்பது புள்ளைங்களுக்கு ஆக்குறவகிட்ட வந்து சொல்றான் பாரு" என்று நான் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து நீயே திறந்து காட்டினாய். பருக்கை பருக்கையாகப் பூத்திருந்தது. பதினைந்து வருஷச் சமையல்காரியின் திமிர் அந்தக் கூடையில் இறங்கியது, நைனா. ரேஷனில் போடுகிற மண்ணெண்ணெயை நாலு பாட்டிலில் பிரித்து, வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, திரியை ஞாயிற்றுக்கிழமை தோறும் கத்தரித்து, நீ ஒரு குடித்தனத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாய். பகலில் வள்ளியை நீ விட்டுப்போகிற பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் இருந்தும் மாதக் கடைசியில் உன்னிடம் அரை பாட்டில் கைமாத்து கேட்டு வந்ததை நான் பார்த்தேன்.

நீ தடுக்கி விழும் நாளும் வந்தது. ஆறாவது நாள். இரண்டு நாளாக அடைமழை. முற்றத்தில் இருந்த தூள் மூட்டை நனைந்துவிட்டது. வாரப் பாட்டிலும் காலி. அதைக் காலி செய்ததே நான்தான், உன் கண்ணில் படாமல் பகலில் இரண்டு தரம் காப்பி போட்டுக் குடித்தேன். நீ வேலையிலிருந்து தொப்பலாக வந்து நின்றாய். வள்ளி பசி என்றாள். இதுதான் சமயம் என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு எண்ணெய் டின்னை இழுத்தாய். மூடி இறுக்கி, விளிம்பில் மெழுகு வைத்திருந்தாய். உள்ளே பொரிமாவு மாதிரி காய்ந்த தூள். "பாட்டி, இது மழத் தூளு. மழைக்கு மட்டுந்தான் எடுக்கணும்" என்று வள்ளி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாலு வயதுப் பிள்ளை. அரை மணியில் அவள் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா, உப்பு இல்லியா?" என்று நீ கேட்டாய். உப்பு சரியாகத்தான் இருந்தது. மழைக்கென்று எடுத்து வைக்கத் தெரியாத ஒருத்தி அன்றைக்கு உன் எதிரில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

உனக்கு ஒன்பது வயது அப்போது. உன் தங்கச்சி தனத்துக்கு இதே நாலு வயது. எழுபதுகளின் ஆரம்பம், மலைக்குப் பஸ் சரியாக வராத காலம். உன் அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் இருந்தவரை சித்திரை, வைகாசியில் காய்ந்த கட்டையாகப் பார்த்துப் பொறுக்கி வந்து, பிளந்து, அடுப்புக்கு மேலே பரண் முட்ட அடுக்கிவிடுவார். மழை முழுக்க அதுதான். அந்த வருஷம் நானும் அடுக்கினேன், அவர் அடுக்குவது போலவே. அடுக்கி முடித்த கையோடு அவருடைய தெவசம் வந்தது. தாலி இழந்தவள் வீட்டில் தெவசம் சின்னதாக நடந்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குப் பயம். பயம் என்ன பயம், வீம்பு. பரணில் இருந்த கட்டை அத்தனையையும் இறக்கி, நாலு பெண்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டு தலைச்சுமையாக ஆலங்காயத்துக்கு இறக்கி, டீக்கடைக்குப் போட்டேன். அந்தக் காசில் சாமைச் சோறும் கறிக் குழம்புமாக ஊருக்கே ஆக்கிப் போட்டேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, மறுபடி பொறுக்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. சாப்பிட்டவர்கள் கை காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் அது விடவே இல்லை.

பச்சைக் கட்டையும் ஈரக் கட்டையும்தான் கிடைத்தது. வீடு முழுக்கப் புகை. நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாய். கண் இரண்டும் கோவைப் பழம். தனத்துக்கு அந்தப் புகையில் இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். ஒரு வெள்ளிக்கிழமை நெருப்பு அடியோடு அணைந்தது. தீப்பெட்டி நமுத்துவிட்டது. ஒரு கரண்டித் தணலுக்காக நான் எதிர் வீட்டுக்கு ஓடினேன். "வெள்ளிக்கெழம, வெளக்கு வெச்சாச்சு, எப்பிடிம்மா நெருப்பு குடுக்கறது? விடியட்டும் வா" என்றார்கள். தெவசத்தில் என் கையால் இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவர்களையும் குற்றம் சொல்லமாட்டேன், நானும் அந்த நேரத்தில் யாருக்கும் கொடுத்திருக்கமாட்டேன். அடுத்த வாரம் உன் மாமா அமிர்தியிலிருந்து வந்தார், பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "மழ உட்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்மா. நம்ம வூட்ல காஞ்ச கட்ட கீது" என்றார். மழைக்குக் கோணிப்பையைத் தலையோடு கொங்காணியாகப் போட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நீ ஒற்றையடிப் பாதை முடியும் வரை பின்னால் ஓடினாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனி எழுதப்போவது தெரியாது.

மாமா பிள்ளையைத் திருப்பித் தரவில்லை, தனக்குப் பெண் பிள்ளை இல்லாததால் தனத்தை அமுக்கிக்கொண்டார் என்று நான் உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய். அதனால்தான் இத்தனை வருஷம் அவர் வீட்டு வாசலை நீ மிதிக்கவில்லை. உன் கல்யாணத்தில் தாய்மாமன் முன்னால் நின்று செய்ய வேண்டிய முறையை அவரைச் செய்ய விடவில்லை. அவர் தனத்தோடு பந்தல் ஓரம் நின்றுவிட்டு, சாப்பிடாமல் போனார். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அது பொய், நைனா. மழை விட்டதும் தை மாதம் அவர் வந்தார். "புள்ள உன்னையே கேக்குது. இட்டுகினு வரட்டுமா?" என்று கேட்டார். "பனி கொறயட்டும்" என்றேன். பனி குறைந்ததும் மறுபடி வந்தார். "இப்பத்தான் கட்ட சேக்குறேன், அடுத்த மாசம்" என்றேன். ஏன் தெரியுமா? இழுப்புக்காரப் பிள்ளைக்கு எந்நேரமும் அடுப்பில் நெருப்பு வேண்டும். குடிக்க வெந்நீர், குளிக்க வெந்நீர், குளிருக்குத் தணல். அவள் போன பிறகு என் கட்டை இரண்டு மடங்கு நாள் வந்தது. ஒரு பானை வெந்நீர் மிச்சம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை, அந்த நினைப்பில் நிம்மதியாகத் தூங்கினேன். பெற்ற பிள்ளையை விறகோடு வைத்து நிறுத்துப் பார்த்தேன். அப்புறம் விடுதியில் வேலை கிடைத்தது, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று ஒரு சாக்கு. அப்புறம் அவள் அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள், அது ஒரு சாக்கு. ஒரு வழியாக நான் போய் நின்றபோது அவள் என் அண்ணனை நைனா என்றும், அண்ணியை அம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடுமோ அப்படியே கூப்பிட்டாள். "அத்த வந்துகீது" என்று உள்ளே ஓடினாள்.

உன் வீட்டிலிருந்து கிளம்பிய அன்று நான் நேராக ஊருக்கு வரவில்லை. முதலில் சந்தவாசல் போனேன். வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்ததும் உன் மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாங்க, புள்ள எங்க?" என்றார்கள். "அவ அப்பனாண்ட கீறா. நல்லாக் கீறா" என்றேன். அந்த மழைத் தூளைச் சொன்னேன், கம்பளிச் சோற்றைச் சொன்னேன், ஒரு பல்பு இரண்டு அறைக்கு வெளிச்சம் போடுவதைச் சொன்னேன். நான் பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்றைக்கு இருந்த கர்வம், உன் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. அவர்கள் விடவில்லை. "எல்லாம் சரிங்க, ரெண்டு வருசம் இருக்கட்டும், அப்பால அனுப்பிடறோம். நாங்க இன்னா புடிச்சா வெச்சிக்கப்போறோம்?" என்றார்கள். அப்போதுதான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "நானும் மழ உட்ற வரைக்கும்னுதாங்க உட்டேன். யாரும் புடிச்சி வெச்சிக்கல. எம் மவ என்ன அத்தன்னு கூப்புடறா" என்றேன். உன் மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "மாசம் ஒருவாட்டி நாங்க போய்ப் பாத்துட்டு வர்றோம். அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல?" என்று கேட்டார்கள். நீ ஒன்றும் சொல்லாதே. வரட்டும். மகளை இழந்தவர்கள்.

உன்னைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று தலை கனத்துவிடாதே. இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. வள்ளிக்கு வெந்நீர் வைத்துவிட்டு நீ விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறாய். உனக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வீட்டில் எது எரியும்? வெயில் நாளில் ஓட்டின் மேல் கரி பூசிய பானையில் தண்ணீர் காய வைக்கிறாயே, அதில் சாயங்காலம் உனக்கும் ஒரு சொம்பு எடுத்துக்கொள். இன்னொன்று, தூளை இடிக்கிற விளையாட்டு இப்போதைக்கு விளையாட்டாகவே இருக்கட்டும். அவள் வளர வளர அடுப்பை அவள் தலையில் கட்டிவிடாதே. உன்னை ஒன்பது வயதில் அடுப்புக்குக் காவல் வைத்தவள் சொல்கிறேன். நீ விட்ட பள்ளிக்கூடத்தை நான் திருப்பித் தர முடியாது. கேஸ் அடுப்புக்கு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய், அது வரும்போது வரட்டும், அதற்காகக் கடன் வாங்கி முன்னால் நிற்காதே. சரோஜாவின் தெவசத்துக்கு ஊரைக் கூப்பிடாதே. ஒரு இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததைப் படைத்து, நீயும் வள்ளியும் சாப்பிடுங்கள்.

சந்தவாசலிலிருந்து அமிர்திக்குப் போனேன். உன் மாமா வீட்டில் இல்லை. தனம் வனத்துறை நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செம்மண். அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அவங்க உன்னப் புடிச்சி வெச்சிக்கல. நான்தான் கூப்புட வரல" என்றேன். அவள் கை நிற்கவில்லை. "தெரியும் அத்த. நைனா எப்பவோ சொல்லிட்டாரு" என்றாள். "அப்ப ஏன்டி என்ன ஒருநாளும் கேக்கல?" என்றேன். "கேட்டா நீ அழுவ" என்றாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போலாம், சோறு துண்ணுட்டுப் போ" என்று என் பையை வாங்கிக்கொண்டாள்.

பொங்கலுக்கு வள்ளியைக் கூட்டிக்கொண்டு அமிர்திக்குப் போ. மாமா காலில் விழு. நான் சொன்ன பொய்க்கு நீ விழ வேண்டும் என்பது நியாயமில்லைதான், ஆனாலும் விழு. நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

தனம் இனிமேல் என்னை வேறு மாதிரி கூப்பிடப்போவதில்லை. நானும் கேட்கமாட்டேன், கேட்க எனக்கு வாய் கிடையாது. உன் வீட்டில் வள்ளி காலையில் எழுந்ததிலிருந்து, நீ பேக்டரிக்குச் செருப்பு மாட்டுகிற வரை, அப்பா இது, அப்பா அது என்று உன் பின்னாலேயே வருகிறாள். ஒருநாள் நேரமாகிவிட்ட எரிச்சலில் "எத்தினிவாட்டி கூப்புடுவ, கொஞ்சம் சும்மா இரு" என்றாய். அதை மட்டும் இனி சொல்லாதே. வேலைக்கு நேரமானாலும் பரவாயில்லை, கூப்பிடட்டும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அம்மா